படுக்கை முழுக்க வெள்ளை, மொட்டைத்தான் காணோம்

மொட்டைமாடி:
வெள்ளைச் சிப்பிக் காளான், வைக்கோல் படுக்கை இரண்டு. விதை போட்டு மூன்று வாரம் தாண்டிவிட்டது, வெள்ளை நூல் மாதிரி காளான் இழை முழுசாகப் பரவிவிட்டது. பாலித்தீன் பையை உரித்துவிட்டு ஸ்டோர் ரூமில் தொங்கவிட்டிருக்கிறேன். ஈரம் போகாமல் இருக்கக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். பகலில் 32 டிகிரி. தினம் மூன்று வேளை தண்ணீர் தெளிக்கிறேன். ஒன்றில் மொட்டே இல்லை. மற்றதில் காம்பு விரல் நீளம், குடை பட்டாணி அளவு. எங்கே தப்பு?

வைக்கோல்போர்:
சாத்திய கதவுதான் வினை. காம்பு நீண்டு குடை சிறுத்தாலே அறையில் கரியமில வாயு தேங்கியிருக்கிறது என்று அர்த்தம். இழை பரவும்போது அந்த வாயுவால் பெரிய பாதகமில்லை. மொட்டு விடும் கட்டத்தில் ஆகவே ஆகாது. சுவரில் கீழே ஒன்று, எதிர்ச்சுவரில் மேலே ஒன்று என்று திறப்பு விட்டு, ஈ நுழையாதபடி நெருக்கமான வலை அடியுங்கள். திறப்புக்கு வழியில்லையென்றால் தினம் நாலைந்து தடவை கதவைக் கால் மணி நேரம் திறந்து வையுங்கள். டேபிள் ஃபேனை மட்டும் படுக்கைக்கு நேராகத் திருப்பிவிடாதீர்கள், வந்த மொட்டும் கருகிப்போகும்.

வெளிச்சமும் தேவை. பேப்பர் படிக்கிற அளவு போதும், நேர்வெயில் வேண்டாம். அந்த நெட்டைக் காம்புகளை அடியோடு திருகி எடுத்துவிடுங்கள், விட்டால் அழுகிப் பச்சைப் பூசணத்துக்கு இடம் கொடுக்கும்.

விதைப்புட்டி:
காற்று சரிதான், ஆனால் 32 டிகிரியை யாரும் கவனிக்கவில்லையே. வெள்ளை ரகம் மொட்டு விட 23–25தான் தோது. தரையில் ஆற்று மணலை இரண்டு மூன்று அங்குலம் பரப்பி நனையுங்கள், சுற்றிலும் சாக்கு கட்டி அதையும் நனையுங்கள். ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. கோடையில் இதோடு மல்லுக்கட்டுவதைவிட ஏ.பி.கே.-1 மாதிரி இளஞ்சிவப்பு ரகத்துக்கு மாறிவிடுவது நல்லது, அது சூடு தாங்கும்.

மொட்டே வராத படுக்கையைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்து, அடியில் பழுப்பு நீர் சொட்டிப் புளித்த வாடை வந்தால் தண்ணீர் அதிகம். தெளிப்பதை இரண்டு நாள் நிறுத்துங்கள். லேசாக இருந்தால் மேல்பரப்பு காய்ந்து தோல் மாதிரி இறுகியிருக்கும். அதை விரலால் மெல்லச் சுரண்டிவிட்டுப் பனிபோல் தெளியுங்கள்.

மொட்டைமாடி:
லேசாகத்தான் இருக்கிறது. மொட்டு வந்த பிறகும் தெளிக்கலாமா? பையை உரித்தது தவறா?

வைக்கோல்போர்:
குண்டூசித் தலை அளவில் இருக்கும்போது அதன் மேல் நேராகத் தெளிக்காதீர்கள். நீர் தங்கினால் மஞ்சளாகி வாடிவிடும். மணலையும் சாக்கையும் நனைத்தாலே போதும். வறண்ட காலத்தில் பையை உரிக்காமல் இரண்டு அங்குலக் கீறல் ஏழெட்டு போடுவதுதான் பாதுகாப்பு. உரித்ததை இனி ஒட்ட முடியாது, ஈரச் சாக்கைச் சுற்றிலும் நெருக்கமாகக் கட்டுங்கள், படுக்கையில் உரசக் கூடாது.

விதைப்புட்டி:
அறுவடைக்குச் சற்று முன் தண்ணீர் தெளிக்காதீர்கள், நனைந்த காளான் சீக்கிரம் கெடும். குடையின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன்பே கொத்தோடு திருகி எடுங்கள்.