கொடியை மாற்றலாமா? ஓட்டுப் போட்டவர்கள், பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஆக்லாந்துக்காரன்:

2015, 2016ல் நியூசிலாந்தில் கொடி வாக்கெடுப்பு நடந்ததே, அந்த அனுபவம் இருப்பவர்கள் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

அப்போது எனக்குக் குடியுரிமை இல்லை. நிரந்தர வசிப்புரிமையோடு ஒரு வருடம் தொடர்ந்து தங்கியிருந்தாலே அங்கே ஓட்டு உண்டு. சீட்டு தபாலில் வந்தது. பொதுமக்கள் அனுப்பிய பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட டிசைன்களைச் சலித்து, கடைசியில் ஐந்தை நிறுத்தியிருந்தார்கள். பிடித்த வரிசையில் எண் போட வேண்டும். (கண்ணிலிருந்து லேசர் அடிக்கும் கிவிப் பறவை அதில் தேறாமல் போனதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.) கறுப்பு, வெள்ளை, நீலத்தில், நியூசிலாந்தின் சின்னமான ஃபெர்ன் (பெரணி) இலை போட்ட கொடி ஜெயித்தது. அடுத்த மார்ச்சில் அதுவா, மூலையில் யூனியன் ஜாக் (பிரிட்டன் கொடி) உள்ள பழையதா என்று இரண்டாவது ஓட்டு.

ஆபீஸில் டீ நேரத்தில் இதே பேச்சு. ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒருவர், "எங்க அப்பா இந்தக் கொடிக்காகத்தான் சண்டைக்குப் போனார்" என்பார். எதிரே இருந்த பெண் விடவில்லை. "போரில் செத்த நம் வீரர்களின் கல்லறைக் கல்லைப் பாருங்க. அதில் செதுக்கியிருப்பது யூனியன் ஜாக்கா, ஃபெர்ன் இலையா?" பெரியவர் பேசாமல் கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

இவ்வளவு பேசிய அந்தப் பெண் ஓட்டுப் போட்டது பழைய கொடிக்கு! கேட்டால், "2.6 கோடி டாலர் செலவில் பிரதமர் ஜான் கீ பேர் வாங்குவதற்கு நான் ஏன் துணை போகணும்?" என்றார். கொடியைப் பற்றிய கேள்விக்குப் பாதிப்பேர் பிரதமரைப் பார்த்துப் பதில் சொன்னார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நான் புதுசுக்குப் போட்டேன். நட்சத்திரம் நாலா ஆறா, சிவப்பா வெள்ளையா என்று பார்த்துத்தான் ஆஸ்திரேலியக் கொடியிலிருந்து பிரித்தறிய வேண்டுமென்றால் அது என்ன கொடி? முடிவு, 56.6 சதவீதம் பழையதற்கே.

நாந்திப் பெண்:

உங்களிடமாவது கேட்டார்கள். ஃபிஜியில் எங்களுக்கு ஓட்டே கிடையாது. 2015ல் பிரதமர் பைனிமராமா, மூலையில் யூனியன் ஜாக் உள்ள எங்கள் கொடியை மாற்றப் போவதாக அறிவித்தார். தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போனது.

பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த கிர்மிட் குடும்பம் எங்களுடையது. அதனால் பாட்டி யூனியன் ஜாக் போனால் போகட்டும் என்பார் என்று நினைத்தேன். அவரோ கொடியில் உள்ள கேடயப் படத்தில் விரலை வைத்து, "அதை விடு, இங்கே நம்ம கரும்பு இருக்கு பார்" என்றார்.

2016 ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக். எழுவர் ரக்பி இறுதியில் 43-7 என்று ஜெயித்து ஃபிஜிக்கு முதல் தங்கம். தோற்றது யார் தெரியுமா? பிரிட்டன்! தெருவெல்லாம் அந்த வெளிர்நீலக் கொடிதான். சில நாட்களில் பிரதமர் மாற்றத்தைக் கைவிட்டார். உங்கள் ஆட்களும் அப்போது எதையாவது ஜெயித்திருந்தால்?

ஆக்லாந்துக்காரன்:

ஜெயித்தார்களே! 2015 அக்டோபர் 31, ரக்பி உலகக் கோப்பை. சட்டையில் இருந்ததும் ஃபெர்ன் இலைதான். அப்படியும் ஓட்டு விழவில்லை.