அணுகல்தன்மை வழு இருந்தால் வெளியீட்டை நிறுத்தலாமா?

விசைப்பலகையாளர்:
கட்டற்ற மென்பொருள் திட்டங்களில் அணுகல்தன்மைக்கென்று, அதாவது மாற்றுத்திறனாளிகளும் மென்பொருளைப் பயன்படுத்த முடிவதற்கென்று, தனிக்குழு வைத்து, மற்றவர்கள் பொறுப்பைக் கைகழுவிவிடுவதுதான் சிக்கலின் வேர். ஒருவர் படப்பொத்தானைப் பெயரிடாமல் சேர்க்கிறார். பார்வையற்றோருக்குத் திரையிலுள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் அதை வெறுமனே 'பொத்தான்' என்று வாசிக்கிறது. வழுவறிக்கை குழுவிடம் போகிறது. அதிலுள்ள ஓரிருவர் பிறர் விட்ட குறைகளையே திருத்தித் திருத்தி ஓய்ந்துபோகிறார்கள். அத்தகைய மாற்றத்தை இணைக்கவே கூடாது, கடுமையான வழு இருந்தால் வெளியீடு நிற்க வேண்டும் என்று விதி செய்வோம்.

பராமரிப்பாளர்:
எனக்கு உடன்பாடில்லை. விதியைக் கடுமையாக்கினால் புதிதாக வரும் தன்னார்வலர்தான் முதலில் விலகுவார். உண்மையான குறை பணம். 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்விடிஏ திரைவாசிப்பானுக்கு அடுத்த ஆண்டே என்வி ஆக்சஸ் என்ற இலாப நோக்கற்ற அமைப்பு உருவானது. நன்கொடையும் நிதியுதவியும் திரட்டிச் சம்பளத்துக்கு ஆள் வைக்க முடிந்ததால்தான் அது நிலைத்திருக்கிறது.

விசைப்பலகையாளர்:
பணம் ஒரே இடத்திலிருந்து வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்க்கா என்ற கட்டற்ற திரைவாசிப்பானே சான்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் ஊழியர்கள் அதை வளர்த்தார்கள். 2010இல் ஆரக்கிள் அந்நிறுவனத்தை வாங்கியபின் அணுகல்தன்மைப் பணியாளர்கள் குறைக்கப்பட்டார்கள். மேலும், என்விடிஏவைத் தொடங்கி வளர்த்த இருவரும் பார்வையற்றவர்கள் என்பதை நீங்கள் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். முடிவெடுக்கும் இடத்தில் பயனரே இருந்தார் என்பதைச் சம்பளத்துக்கு இணையான காரணமாகவே நான் கருதுகிறேன்.

திரைவாசிப்பான் பயனர்:
நண்பர்களே, அந்த இடத்துக்கு நாங்கள் வந்துசேரும் வழியையும் சற்றுப் பாருங்கள். பெயரில்லாத பொத்தானைத் தானியங்கிச் சோதனை பிடித்துவிடும். உரையாடல் பெட்டியை மூடியதும் குவியம், அதாவது விசைப்பலகை செயல்படும் இடம், பக்கத்தின் உச்சிக்குத் தாவி, பாதி நிரப்பிய படிவத்தை மீண்டும் தேடவைப்பதை அது பெரும்பாலும் பிடிக்காது. என்னைப் போன்றவர்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வழுப்பதிவுத் தளத்தில் கணக்குத் தொடங்கப்போனால், வருபவர் மனிதர்தானா என்று சோதிக்கும், ஒலி வடிவமே இல்லாத கேப்சா படப்புதிர் வழிமறிக்கிறது. அதை முதலில் அகற்றுங்கள். பிறகு, சோதிப்பவருக்கு மதிப்பூதியமும், மாற்றங்களை மதிப்பிட்டு மறுக்கும் உரிமையும் சேர்த்தே கொடுங்கள்.

பராமரிப்பாளர்:
கேப்சாவை அகற்றுவதிலும் மதிப்பூதியத்திலும் எனக்கு மறுப்பில்லை. மதிப்பீட்டு உரிமையையும் ஏற்கிறேன். ஆனால் அவசரப் பாதுகாப்புத் திருத்தம் காத்திருக்கும்போது வெளியீட்டை நிறுத்த ஒப்பமாட்டேன்.

விசைப்பலகையாளர்:
பாதுகாப்புத் திருத்தத்தை முந்தைய பதிப்பின் மீது தனியாக வெளியிடலாமே. புதிய வசதிகளோடு வரும் பதிப்புக்கு மட்டும் தடை இருக்கட்டும் என்கிறேன். அதையும் மறுப்பீர்களானால் காரணத்தைச் சொல்லுங்கள்.