ரேபிட்எம்கியூ: வேலை முடிந்த பிறகும் அதே மெசேஜ் திரும்ப வருகிறது. உதவி தேவை

கேள்வி

லினக்ஸில் சிஸ்டம்டி (சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தும் அமைப்பு) சர்வீஸாக ஒரு பைத்தான் புரோகிராம். பிகா லைப்ரரியின் பிளாக்கிங்கனெக்‌ஷன் வழியாக ரேபிட்எம்கியூ என்ற மெசேஜ் சர்வரில் உள்ள ஒரு க்யூவை (மெசேஜ் வரிசையை) கேட்டுக்கொண்டிருக்கும். மெசேஜ் வந்தால் பிடிஎஃப் அறிக்கை தயாரித்து மெயில் அனுப்ப வேண்டும். சிறிய அறிக்கை சில நொடிகளில் முடியும், பெரியதற்கு 5 நிமிடம் ஆகும். பிரீஃபெட்ச் (முன்கூட்டியே கைக்கு வரும் மெசேஜ் எண்ணிக்கை) 10.

சிறியவற்றில் சிக்கல் இல்லை. பெரியது என்றால் மெயில் போன பிறகு, அக் (வேலை முடிந்தது என்ற ஒப்புகை) அனுப்பும் வரியில் ஸ்ட்ரீம்லாஸ்ட்எர்ரர், அதாவது கனெக்‌ஷன் அறுந்தது என்ற பிழை. சர்வீஸ் விழுந்து எழுந்ததும் அதே மெசேஜ் மறுபடி வந்து, அதே மெயில் மறுபடி போகிறது. ஹார்ட்பீட்டை (உயிரோடு இருப்பதைக் காட்ட அவ்வப்போது போகும் சிக்னலை) 0 ஆக்கினேன். அந்த எர்ரர் நின்றது, ஆனால் க்யூ நிரம்பியிருக்கும்போது சேனல் (கனெக்‌ஷனுக்குள் ஓடும் பாதை) 406 (நிபந்தனை பொருந்தவில்லை என்ற பிழை) என்று மூடிக்கொள்கிறது. நெட்வொர்க் கோளாறா?

பதில் 1

நெட்வொர்க் மேல் தப்பில்லை. இரண்டு எர்ரருக்கும் காரணம் வேறு வேறு.

உங்கள் கால்பேக் (மெசேஜ் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) 5 நிமிடம் ஓடும்போது பிகாவால் சாக்கெட்டைத் தொட முடியாது; ஹார்ட்பீட் போகாது. ரேபிட்எம்கியூவின் இயல்பு அளவு 60 நொடி. ஓரிரு நிமிடத்தில் சர்வர் உங்களைச் செத்ததாகக் கருதி கனெக்‌ஷனை வெட்டி, மெசேஜை க்யூவில் திரும்ப வைத்துவிடும். உங்களுக்குத் தெரிவது அக் அனுப்பும்போதுதான்.

406 வருவது அக் காலக்கெடுவால். இயல்பாக 30 நிமிடம். மெசேஜ் உங்கள் கைக்கு வந்த நொடியிலிருந்தே கணக்கு ஓடும், வேலை தொடங்கியதிலிருந்து அல்ல. பிரீஃபெட்ச் 10 என்றால் கடைசி மெசேஜ் 9 பேருக்குப் பின்னால் நிற்கிறது. ஒவ்வொன்றும் 5 நிமிடம் என்றால் ஏழாவது முடியவே 35 நிமிடம்.

ஹார்ட்பீட் 0 வரியை எடுத்துவிடுங்கள், பிரீஃபெட்ச் 1 வையுங்கள், வேலையைத் தனி த்ரெட்டுக்கு (அதே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் பகுதிக்கு) மாற்றுங்கள். ஆட்டோ அக் (மெசேஜை அனுப்பியதுமே அக் ஆனதாகச் சர்வர் கொள்வது) பக்கம் மட்டும் போகாதீர்கள்: டூப்ளிகேட் குறையும், ஆனால் சர்வீஸ் விழுந்தால் மெசேஜே போய்விடும்.

கேட்டவர்

த்ரெட்டுக்கு மாற்றினேன். அதற்குள்ளிருந்தே பேசிக்_அக் கூப்பிடுகிறேன். சில நேரம் சரி, சில நேரம் கனெக்‌ஷனே உடைகிறது.

பதில் 1

பிகா கனெக்‌ஷன் த்ரெட்சேஃப் அல்ல, அதாவது வேறு த்ரெட்டிலிருந்து தொடக் கூடாது. அக்கை ஒரு ஃபங்ஷனில் வைத்து, கனெக்‌ஷனின் ஆட்_கால்பேக்_த்ரெட்சேஃப் மூலம் மெயின் த்ரெட்டிடம் கொடுங்கள். அந்த ஃபங்ஷனில் முதலில் சேனல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். டெலிவரி டேக் (ஒவ்வொரு டெலிவரிக்கும் சர்வர் தரும் எண்) அந்தச் சேனலுக்கு மட்டுமே செல்லும். ரீகனெக்ட் ஆனபின் பழைய டேக்கை அனுப்பினால் மறுபடி 406தான்.

பதில் 2

சர்வீஸை நிறுத்தும் இடத்தையும் பாருங்கள். சிஸ்டம்டி முதலில் சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்ற சிக்னல்) அனுப்பும். பொதுவாக 90 நொடி பொறுத்துவிட்டு சிக்கில் (கட்டாயமாக நிறுத்தும் சிக்னல்). 5 நிமிட வேலை நடுவிலேயே அறுந்துபோகும். டைம்அவுட்ஸ்டாப்செக் (அது பொறுக்கும் நேரம், நொடியில்) 600 என்று வையுங்கள். சிக்டெர்ம் வந்ததும் புதிய மெசேஜ் எடுப்பதை நிறுத்தி, ஓடும் த்ரெட் முடியக் காத்திருங்கள். அங்கே வெறும் ஜாயின் (த்ரெட் முடியும்வரை அப்படியே நிற்பது) போட்டால் பழைய ஹார்ட்பீட் கதையே திரும்பும். த்ரெட் உயிரோடு இருக்கும்வரை ப்ராசஸ்_டேட்டா_ஈவென்ட்ஸை (கனெக்‌ஷனைக் கவனிக்கும் பிகா ஃபங்ஷனை) 1 நொடி அளவோடு லூப்பில் கூப்பிடுங்கள். முடிந்ததும் இன்னொரு முறை, அக் வெளியே போவதற்காக.

இத்தனை செய்தாலும் டூப்ளிகேட் முழுதாக ஒழியாது. மெயில் போய், அக் போகுமுன் மின்சாரம் போனால்? மெசேஜ் ஐடியை டேட்டாபேஸில் யூனிக் கீயாக வைத்து, 'அனுப்பியாயிற்று' என்ற குறியை மெயில் போனவுடன் போடுங்கள். மெசேஜ் வந்ததும் அந்தக் குறியைப் பாருங்கள். வெறும் ஐடி இருப்பதை வைத்துத் தள்ளிவிட்டால், பாதியில் நின்ற அறிக்கை என்றைக்கும் போகாது. குறி போடுவதற்குள் விழுந்தால் ஒரு மெயில் கூடுதலாகப் போகும்; அதை ஏற்கத்தான் வேண்டும்.

கேட்டவர்

டூப்ளிகேட் நின்றுவிட்டது. ஆனால் பழுதான ஒரு மெசேஜ் முடிவில்லாமல் சுற்றுகிறது. டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்சை (தள்ளப்பட்ட மெசேஜ்களைத் திருப்பிவிடும் இடத்தை) க்யூ டிக்ளேரில் (க்யூவை உருவாக்கும் அழைப்பில்) சேர்த்தால் அங்கேயும் 406!

பதில் 2

இருக்கும் க்யூவை வேறு ஆர்கியுமென்ட்டோடு டிக்ளேர் செய்ய விடாது. டிக்ளேரைப் பழையபடி விட்டுவிட்டு, டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்சை ரேபிட்எம்கியூசிடிஎல் (சர்வரை நிர்வகிக்கும் கமாண்ட்) வழியாகப் பாலிசியாக (சர்வரில் வைக்கும் விதியாக) போடுங்கள். க்யூவை அழிக்க வேண்டியதில்லை. அந்த எக்ஸ்சேஞ்சோடு ஒரு க்யூவை பைண்ட் செய்ய (இணைக்க) மறக்காதீர்கள், இல்லாவிட்டால் மெசேஜ் காற்றில் போகும். பிறகு திருத்தவே முடியாத பிழைக்கு ரீக்யூ ஃபால்ஸ் (க்யூவில் திரும்ப வைக்காதே) என்று நாக் (ஏற்கவில்லை என்ற பதில்) அனுப்புங்கள்.