பிக்கினி மக்களுக்கான நீதி 1986 உடன்படிக்கையோடு முடிந்துவிட்டதா?

நெய்தல்வாசி எழுதியது:
1946 பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை வழிபாடு முடிந்ததும், அமெரிக்கக் கடற்படை அதிகாரி பென் வயாட், பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகளில் உள்ள பிக்கினியின் மக்களிடம், மனிதகுலத்தின் நன்மைக்காகவும் உலகப் போர்களுக்கெல்லாம் முடிவு கட்டுவதற்காகவும் தீவைச் சிறிது காலம் விட்டுத்தர முடியுமா என்று கேட்டார். எல்லாம் கடவுளின் கையில் இருக்கிறது என்றார் அவர்களுடைய தலைவர் ஜூடா. அடுத்த மாதமே 167 பேரும் கப்பலேறினார்கள். ரோங்கரிக் தீவில் பட்டினி கிடந்து, 1948-இல் கிலி தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் விட்டுவந்த தீவில் 1958 வரை 23 அணுகுண்டுகள் வெடிக்கப்பட்டன. 'சிறிது காலம்' 80 ஆண்டுகளை எட்டிவிட்டது. ஊர் இன்னும் திரும்பக் கிடைக்கவில்லை. இதற்கு இன்னமும் நீதி கேட்பதில் என்ன தவறு என்பதே என் கேள்வி.

வழக்குக்கட்டு எழுதியது:
நடந்தது கொடுமை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை; ஆனால் சட்டப்படி இது தீர்ந்துபோன வழக்கு. அமெரிக்காவுக்கும் மார்ஷல் தீவுகளுக்கும் இடையே 1986-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின் 177-ஆம் பிரிவின்படி 15 கோடி டாலர் வழங்கப்பட்டது. சோதனைகளால் எழுந்த, இனி எழக்கூடிய எல்லாக் கோரிக்கைகளுக்கும் அதுவே முழுத் தீர்வு என்று மார்ஷல் தீவுகளின் அரசே ஒப்புக்கொண்டது. 1988-இல் பிக்கினியைத் துப்புரவாக்கி மீள்குடியேற்றுவதற்கென்று மேலும் 9 கோடி டாலர் தரப்பட்டது. கையெழுத்திட்ட உடன்படிக்கையைத் தலைமுறைக்குத் தலைமுறை திறந்துகொண்டே போனால், எந்த நாடும் இழப்பீட்டுக்கு முன்வராது.

நெய்தல்வாசி எழுதியது:
கையெழுத்திட்டது யார் என்று பாருங்கள், நண்பரே. பிக்கினி மக்கள் 1981-இலேயே அமெரிக்க நீதிமன்றத்தை நாடியிருந்தார்கள். அந்த வழக்கின் கதவை அடைத்ததே நீங்கள் சொல்லும் 177-ஆம் பிரிவுதான். அதுவரை அந்தத் தீவுகளை ஐ.நா. பொறுப்பாட்சியின் பேரில் ஆண்டுவந்தது அமெரிக்கா. விடுதலைக்கு ஈடாகத் தன்மீதான வழக்குகளைக் கைவிடச் சொன்னதும் அதே அமெரிக்கா. காப்பாளரே தன் பாதுகாப்பில் உள்ளவரிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினால், நம் ஊர்க் கீழ் நீதிமன்றம்கூட அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.

சரி, உடன்படிக்கையை அப்படியே ஏற்போம். அதன்படி அமைந்த அணுசக்திக் கோரிக்கைத் தீர்ப்பாயம் 2001-இல் பிக்கினி மக்களுக்கு 56 கோடி டாலருக்கும் மேல் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதில் ஒரு விழுக்காட்டைக் கொடுக்கக்கூட நிதியத்தில் பணம் இருக்கவில்லை. இதை எப்படி 'முழுத் தீர்வு' என்பது?

தாழம்புதர் எழுதியது:
பணத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். மண்ணைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம். இன்று பிக்கினியில் நடமாடுவதில் பெரிய ஆபத்து இல்லை. அங்கே விளைவதைத் தின்பதில்தான் ஆபத்து இருக்கிறது. பவளத்தீவு மண்ணில் பொட்டாசியம் மிகக் குறைவு. வேதியியல் குணத்தில் அதை ஒத்த, குண்டுகள் விட்டுச்சென்ற கதிரியக்கச் சீசியம்-137-ஐ வேர்கள் அதற்குப் பதிலாக உறிஞ்சிவிடுகின்றன. அது இளநீரிலும் தேங்காயிலும் தாழைப் பழத்திலும் சேர்கிறது. 1968-இல் தீவு பாதுகாப்பானது என்று அதிபர் ஜான்சன் அறிவித்ததை நம்பித் திரும்பிய குடும்பங்கள் இவற்றைத்தான் உண்டார்கள். அவர்கள் உடலில் சீசியம் ஏறியது கண்டறியப்பட்டு, 1978-இல் மறுபடியும் வெளியேற்றப்பட்டார்கள். வாசலில் நிற்கும் தென்னையிலிருந்து பிள்ளைக்கு ஓர் இளநீர் வெட்டிக் கொடுக்க முடியாத இடத்தை ஊர் என்று எப்படிச் சொல்வது?

கிலியைப் பற்றியும் ஒரு சொல். பிக்கினிக்கு நடுவே அமைதியான காயல் இருந்தது. அதுதான் அவர்களின் மீன்பிடி நிலம், படகுத்துறை எல்லாம். கிலிக்குக் காயலே கிடையாது. ஆண்டில் பல மாதங்கள் அலை படகைக் கரையணைய விடாது. படகோட்டும் கலையில் பேர்பெற்ற ஒரு சமூகம், கப்பலில் வரும் அரிசிக்குக் காத்திருக்கும் சமூகமாக மாற்றப்பட்டது. இதற்கு எந்தத் தீர்ப்பாயம் விலை போட முடியும்?

வழக்குக்கட்டு எழுதியது:
பொட்டாசிய உரம் இட்டால் சீசியம் ஏறுவது பெருமளவு குறைகிறது என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. ஆகவே வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 2017-இல் மீள்குடியேற்ற நிதியத்தின் மீதான கண்காணிப்பை அமெரிக்க உள்துறை விலக்கிக்கொண்ட பிறகு, அதிலிருந்த சுமார் 5.9 கோடி டாலர் சில ஆண்டுகளில் கரைந்துபோனது. இதற்கும் அமெரிக்காவே பொறுப்பா?

நெய்தல்வாசி எழுதியது:
அந்தப் பணம் கரைந்தது எனக்கும் வேதனைதான்; அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்லத்தான் வேண்டும். ஆனால் உள்ளூர் நிர்வாகத்தின் தவறு, குண்டு போட்டவரின் கடனை எப்படித் தள்ளுபடி செய்யும்? உரம் உதவும் என்பதையும் மறுக்கவில்லை. ஒருமுறை 'பாதுகாப்பு' என்ற சொல்லை நம்பிப் பிள்ளைகளோடு திரும்பி ஏமாந்தவர்களிடம், உரமிட்டுக் குடியேறுங்கள் என்று யார் போய்ச் சொல்வது?

அவர்கள் தட்டாத கதவு இல்லை. உடன்படிக்கையின்போது தெரியாத உண்மைகள் வெளிவந்ததைக் காட்டி 2000-இல் மார்ஷல் தீவுகளின் அரசு அமெரிக்க நாடாளுமன்றத்திடம் மனு கொடுத்தது, பலனில்லை. 2010-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிக்கினி மக்களின் வழக்கை விசாரிக்கவே மறுத்தது. 2014-இல் அணுஆயுதக் களைவுக்காக ஒன்பது நாடுகள்மீது மார்ஷல் தீவுகள் பன்னாட்டு நீதிமன்றம் சென்றது. இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் மீதான வழக்குகளே அங்கே நின்றன. 2016-இல் அவையும் 'சச்சரவு என்று ஒன்று இல்லை' என்று தள்ளுபடியாயின. 1954-இல் பிக்கினியில் அமெரிக்கா நடத்திய காஸில் பிராவோ ஹைட்ரஜன் குண்டு வெடிப்புக்குப் பின் சோதனைகளை நிறுத்தி வைக்கும்படி இந்திய நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தவர் நேரு. அதே இந்தியா அந்தத் தீவு மக்களுக்கு எதிர்த்தரப்பாக நின்றதை நினைக்கையில் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

வழக்குக்கட்டு எழுதியது:
தீர்ப்பாயம் வழங்கச் சொல்லி வழங்கப்படாத தொகையைப் பொறுத்தவரை உங்கள் வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அதை அமெரிக்கா தரவேண்டும் என்பதை ஏற்கிறேன். உடன்படிக்கையையே செல்லாது என்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை.

தாழம்புதர் எழுதியது:
அந்தத் தொகையிலிருந்தே தொடங்கட்டும். கிலியில் பிறந்து, பிக்கினியைப் பார்க்காமலே முதியவர்களானவர்கள் இன்றும் காத்திருக்கிறார்கள்.