தக்காளிக் காய்க்கு உறை கட்டினால் இனிப்பு குறையுமா?

பூச்சித் தொல்லைக்காகத் தக்காளிக் காய்களுக்கு வெளிச்சம் புகாத துணி உறை கட்டலாம் என்று இருக்கிறேன், ஒரு சந்தேகம். இலையில் மட்டுமல்ல, பச்சைத் தண்டு, காம்பு, காய் எல்லாவற்றிலும் பச்சையம் இருக்கிறது, ஒளிச்சேர்க்கையும் நடக்கிறது. தக்காளித் தோலில் இலைத்துளைகள் (இலையில் காற்று போய்வரும் நுண்துளைகள்) கிடையாது, அதனால் காய் தன் சுவாசத்தில் வரும் கரியமில வாயுவையே திரும்பப் பிடித்துக்கொள்கிறது, பட்டாணிக் காயின் பச்சைத் தோலும் உள்ளே விதைகள் விடும் வாயுவை அப்படித்தான் பயன்படுத்துகிறது (கெட்டிக்காரச் செடி!). சர்க்கரையில் பெரும்பங்கு இலையிலிருந்துதான் வருகிறது, சரி. ஆனாலும் காயை மட்டும் இருட்டில் வைத்தால் எடையோ இனிப்போ தெரிகிற அளவுக்குக் குறையுமா? ஒரே செடியில் பாதிக் காய்க்கு மட்டும் கட்டி ஒப்பிட்டவர்கள் யாராவது சொல்லுங்கள், மிளகாய், வெள்ளரி என்றாலும் பரவாயில்லை. அப்புறம், காயின் தலையில் இருக்கும் பச்சைப் புல்லி இதழ்களை உறைக்கு வெளியே விடலாமா?