மனைவியை அடிப்பவர்களுக்கான பயிற்சிகளால் பயன் உண்டா?

பூங்கொடி (கேள்வி)

வணக்கம். தென் மாவட்டம் ஒன்றில், வன்முறைக்கு ஆளான பெண்கள் தற்காலிகமாகத் தங்கும் இல்லத்திற்கு வாரம் இரண்டு நாள் தன்னார்வலராகச் சென்று வருகிறேன். அங்கிருக்கும் ஒரு பெண்ணுக்கு, "மாப்பிள்ளை கவுன்சலிங் போக ஒத்துக்கொண்டார், இனி கை நீட்டமாட்டார்" என்று புகுந்த வீட்டார் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். "அங்கே போனால் ஆள் மாறிவிடுவாரா அக்கா?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தகைய பயிற்சிகள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல ஆண்டுகளாக நடந்து வருகின்றன என்பதால், அவற்றின் பலனை யாரேனும் அளந்து பார்த்திருப்பார்கள். விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

குறிஞ்சிவேள்

அளந்திருக்கிறார்கள், ஆனால் முடிவுகள் ஒரே திசையில் இல்லை. 1980களின் தொடக்கத்தில் மினசோட்டா மாநிலத்தின் டுலூத் நகரில் எலன் பென்ஸ் உள்ளிட்டோர் உருவாக்கிய முறைதான் இன்றும் பல திட்டங்களுக்கு அடிப்படை. அடிப்பது கோபத்தின் விளைவு அல்ல, மனைவியைத் தன் பிடிக்குள் வைத்திருப்பதற்கான வழி என்பதை அந்த ஆண்களே குழுவாக உட்கார்ந்து பேசி உணரவேண்டும் என்பது அதன் எண்ணம்.

2004இல் பேப்காக் முதலியோர் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கைதும் தண்டனையும் மட்டும் பெற்றவர்களைவிட அவற்றோடு பயிற்சியும் பெற்றவர்கள் மீண்டும் தாக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 5 விழுக்காடுதான் குறைவாக இருந்தது. அடுத்த ஆண்டு ஃபெடரும் வில்சனும் செய்த தொகுப்பாய்வு இன்னும் சங்கடமானது. யாருக்குப் பயிற்சி, யாருக்கு இல்லை என்று குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வுகளில், காவல்துறைப் பதிவுகளின்படி ஓரளவு பலன் தெரிந்தது. மனைவியரிடமே கேட்டறிந்த தகவல்களின்படி பலன் எதுவும் தெரியவில்லை. எல்லா அடியும் புகாராவதில்லை என்பதை அறிந்தவர்கள் இவ்விரண்டில் எதை நம்புவார்கள் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த சோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். தண்டனை பெற்ற 376 ஆண்களில் ஒரு பகுதியினருக்கு 39 மணிநேரப் பயிற்சி 26 வாரங்களாகப் பரப்பித் தரப்பட்டது. இன்னொரு பகுதியினருக்கு அதே 39 மணிநேரம் 8 வாரங்களுக்குள் சுருக்கப்பட்டது. மற்றவர்களுக்குத் தண்டனையாகச் சமூகப் பணி மட்டும். எட்டு வாரக் குழுவில்தான் முழுமையாக முடித்தவர்கள் அதிகம். ஆனாலும் மீண்டும் புகாருக்கு உள்ளானவர்கள் குறைவாக இருந்தது 26 வாரக் குழுவில். பாடம் ஒன்றே, நேரமும் ஒன்றே. மனப்பான்மையை அளந்த கேள்வித்தாள்களிலும் மாற்றம் தெரியவில்லை. ஆகவே, அவர்களைத் தடுத்து வைத்தது கற்ற பாடமன்று, ஒருவர் தங்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார் என்ற உணர்வே என்று எண்ண இடமிருக்கிறது. புளோரிடாவின் புரோவர்ட் மாவட்டத்தில் 404 பேரை வைத்துச் செய்த ஆய்வில் அந்த அளவு வேறுபாடும் கிடைக்கவில்லை.

மங்கை

குறிஞ்சிவேள் அவர்கள் கூறியது சரிதான் என்றாலும், அதைக் கேட்டு எல்லாம் வீண் என்று முடிவு செய்துவிடக் கூடாது. பிரிட்டனில் 2015இல் வெளியான மிராபல் ஆய்வில், பயிற்சிக்கு வந்த ஆண்களின் துணைவியரிடமே கேட்டார்கள். ஆயுதம் எடுத்துத் தாக்கியதாக முதலில் சொன்னவர்கள் 29 விழுக்காடு. ஓராண்டுக்குப் பின் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் செலவுக்குக் கணக்குக் கேட்பது, போகும் இடமெல்லாம் கண்காணிப்பது போன்ற அடக்குமுறைகள் அந்த அளவுக்குக் குறையவில்லை. பாதியில் விலகியவர்களின் துணைவியர் எத்தனை பேர் கணக்கில் வந்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமான கேள்விதான். பிரிட்டனின் அங்கீகாரம் பெற்ற திட்டங்களில் துணைவிக்கெனத் தனியாக ஓர் ஆதரவுப் பணியாளர் இருப்பார் என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

பூங்கொடி, உங்கள் இல்லத்திற்கு இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. டெக்சாஸ் மாநிலப் புகலிடங்களில் தங்கிய பெண்களைப் பற்றி எட்வர்ட் காண்டால்ஃப் 1980களில் செய்த ஆய்வில், அவர்கள் கணவரிடம் திரும்பிப் போவதை முன்கூட்டியே காட்டிய வலுவான காரணங்களில் ஒன்று, அந்தக் கணவர் கவுன்சலிங்கில் சேர்ந்திருந்தது. அதாவது, பயிற்சி அவரை மாற்றுமுன்பே மனைவியின் முடிவை மாற்றிவிடுகிறது. புகுந்த வீட்டார் சொல்லி அனுப்பிய செய்தியை இந்த வெளிச்சத்தில் பாருங்கள்.

வழக்கறிஞர் நெய்தல்

சட்டத்தைப் பற்றி ஒரு விளக்கம். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்கீழ், எதிர்மனுதாரரையோ மனுதாரரையோ இருவரையும் சேர்த்தோ ஆலோசனைக்கு அனுப்ப நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் உண்டு. அப்படி அனுப்பினால் அடுத்த விசாரணை இரண்டு மாதத்துக்குள் வைக்கப்படவேண்டும். 2006ஆம் ஆண்டு விதிகளின் 14ஆவது விதி, ஆலோசனையின்போது தன் வன்முறைக்கு நியாயம் கற்பிக்க எதிர்மனுதாரருக்கு இடமில்லை என்று தெளிவாகவே சொல்கிறது. "சோறு ஆறிப்போயிருந்தது, அதனால் அடித்தேன்" என்பதைக் காது கொடுத்துக் கேட்பதே விதிக்கு முரண். நடைமுறையில் அந்தப் பேச்சுதான் முதல் அரைமணி நேரத்தை விழுங்குகிறது. மேலே இருவரும் விவரித்தது பல வாரக் கண்காணிப்போடு கூடிய பயிற்சி. நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது ஓரிரு அமர்வுச் சமரசம். அந்த ஆய்வுகளின் சிறிய பலனைக்கூட இதற்குப் பொருத்திச் சொல்ல முடியாது.

பூங்கொடி

மூவருக்கும் நன்றி. அந்தக் கணவர் எங்கே கவுன்சலிங் போகப் போகிறார் என்று கேட்டேன். குடும்பப் பெரியவர் ஒருவரிடமாம். நீதிமன்றத்தில் மனுவே இன்னும் போடவில்லை. அந்தப் பெண் திரும்பிப் போவதாக முடிவெடுத்தால் எதைக் கவனிக்கச் சொல்வது?

மங்கை

காண்டால்ஃபே பின்னர் பிட்ஸ்பர்க், டல்லாஸ், ஹூஸ்டன், டென்வர் ஆகிய நான்கு நகரங்களில் 840 ஆண்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். மீண்டும் தாக்கியவர்களில் பலர் பயிற்சியில் சேர்ந்த முதல் ஆறு, ஒன்பது மாதங்களுக்குள்ளேயே அதைச் செய்திருந்தார்கள். பாதியில் நின்றவர்களும், சேர்ந்த பிறகும் குடித்துக்கொண்டிருந்தவர்களும் கூடுதல் ஆபத்தானவர்களாக இருந்தார்கள். அந்த ஆய்வில் எந்தக் கேள்வித்தாளுக்கும் குறையாமல் அபாயத்தைச் சரியாகக் கணித்தது அந்தப் பெண்களின் சொந்த மதிப்பீடு. "இவர் மறுபடி அடிப்பாரா, உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று அவரிடமே கேளுங்கள், மாமியாரோ பெரியவரோ பக்கத்தில் இல்லாத நேரத்தில் கேளுங்கள். மனுவையும் அவர் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிடுங்கள்.