மறு: வெளிச்சவீட்டு நினைவுக்கல் – ஆளுக்கு 100 டொலர்

எல்லாருக்கும் வணக்கம்.

பருத்தித்துறை வெளிச்சவீட்டு நினைவுக்கல்லுக்கு ஆளுக்கு 100 டொலர் கேட்டு, பொருளாளர் அண்ணை அனுப்பின கல்வெட்டு வாசகத்தைப் பார்த்தன். காசு தரமாட்டன் எண்டு சொல்லேல்லை. ஆனா இந்த வாசகத்தோட எங்கட ஊரில கல்லு நடக்கூடாது.

'ஒல்லாந்தர் கால வெளிச்சவீடு' எண்டு முதல் வரி. ஒல்லாந்தர் 1795 இலயே யாழ்ப்பாணக் கோட்டையை இங்கிலீசுக்காரனிட்ட விட்டிட்டுப் போயிட்டாங்கள். காங்கேசன்துறை வெளிச்சவீடே 1893 இல கட்டினது. எங்கட பருத்தித்துறை வெளிச்சவீடு 1916 இல எழும்பினது, 32 மீற்றர் உயரம். இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிய வேண்டிய விசயம்.

அடுத்த வரி இன்னும் மோசம். 'பனிமூட்டத்தில் சங்கொலி எழுப்பிக் கப்பல்களைக் காத்த நிலையம்.' இது எந்தக் கடல்? நீராவியால ஊதுற மூட்டச் சங்கு முதல்முதல் வேலை செய்தது நான் இருக்கிற கனடாவில, நியூ பிரன்ஸ்விக் பக்கம் பார்ட்ரிட்ஜ் தீவில, 1859 இல. அந்தத் தீவு இருக்கிற ஃபண்டி விரிகுடாவில மூட்டம் இறங்கினா விளக்கிருந்தும் இல்லாத மாதிரித்தான், அதாலதான் சத்தம் தேவைப்பட்டது. எங்களுக்கு ஆபத்து வேற: கரை நீளத்துக்குக் கிடக்கிற பாறை, ஆழமில்லாத பாக்கு நீரிணை, மாரியில வாடைக்காத்து. அதுக்கு உயரத்தில எரியிற வெளிச்சம்தான் வேணும். சங்கு இருந்தது எண்டுறவை ஒரு படமோ பழைய கடிதமோ காட்டட்டும்.

அந்தச் சங்கை யோசிச்ச ரொபேர்ட் ஃபவுலிஸ் உரிமம் எடுக்கேல்லை. பெருமை முதலில வேற ஆளுக்குப் போய், மனுசன் 1866 இல வறுமையில செத்தது. இதை ஏன் சொல்லுறன் எண்டா, எங்கட கல்லின்ர அரைவாசியில நன்கொடையாளர் பேர். விளக்கேத்தினவைக்கு ஒரு வரி இல்லை. அந்த வெளிச்சத்தை நம்பிக் கடலுக்குப் போனவைக்கும் இல்லை.

இன்னொண்டு. மருமகன் போன மாசம் ஊருக்குப் போனவன். கல்லு பாதி பொறிச்சபடி கல்வேலைக்காரரின்ர வீட்டு முற்றத்தில கிடக்குதாம். எங்களிட்ட இப்பதான் காசு கேக்கிறியள். ஆர் சொல்லிப் பொறிக்கிறாங்கள்?

– றொறன்ரோவில இருந்து

---

தம்பி சரித்திரம் எழுதியிருக்கிறார், சந்தோசம். நான் கேக்கிறது கணக்கு.

2016 இல வெளிச்சவீட்டுக்கு நூற்றாண்டு விழா எண்டு இலண்டனில மட்டும் வீடு வீடாச் சேர்த்தம். விழாவும் இல்லை, மலரும் இல்லை. பற்றுச்சீட்டுப் புத்தகங்கள் இண்டைக்கும் என்னட்டக் கிடக்குது, ஒவ்வொண்டிலயும் ஆர் எவ்வளவு தந்தவை எண்டு இருக்கு. அந்தக் காசு எந்த வங்கியில கிடக்குது? கல்லுக்கு முற்பணம் குடுத்தது அதில இருந்தோ? மீதியை வெளியில வையுங்கோ. அதுக்குப் பிறகு 100 என்ன, 500 உம் தாறன். பொருளாளரைச் சந்தேகப்படுறன் எண்டு ஆரும் எனக்குத் தொலைபேசி எடுக்க வேண்டாம். பதில் இஞ்ச, எல்லாருக்கும் தெரிய வரட்டும்.

– இலண்டன்

---

பிள்ளையள், நான் பரிசிலயிருந்து மாமி.

64 ஆம் ஆண்டுப் புயலுக்கு ஐயா கடலில. மார்கழி மாசம். அம்மாவும் ஒழுங்கையில இருந்த மற்றப் பொம்பிளையளும் கரையில மழைக்குள்ள நிண்டு கடலைப் பார்க்கிறதும் வெளிச்சவீட்டைப் பார்க்கிறதுமா இருந்தவை. வெளிச்சம் தெரியும் மட்டும் ஆம்பிளையள் திசை பிடிச்சிடுவினம் எண்டு அம்மா சொல்லிக்கொண்டே இருந்தா. ஐயா வந்திட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வரேல்லை. கல்லில பேர் போடுறதெண்டா அவரின்ர பேரைப் போடுங்கோ, என்ர 100 ஐரோவுக்கு என்ர பேர் வேண்டாம்.

றொறன்ரோத் தம்பி, நீ எழுதினது முழுக்கச் சரி. ஆனா கடலுக்குப் போனவைக்காக இவ்வளவு எழுதுற நீ, ஐயா செத்தபோது ஒரு தொலைபேசி எடுக்கேல்லை. உன்னைக் கப்பலேத்த அம்மாவின்ர காப்பு அடகுக்குப் போனது உனக்குத் தெரியும்.

பொருளாளர் தம்பி, கல்வேலைக்காரரை இண்டைக்கே நிப்பாட்டச் சொல்லு.